சின்ன ஓடை, மெல்லிய நரம்பு: ட்ரவுட் மீனுக்கு விலை குறைந்த ரீல் வாங்குவது எப்படி

அமெரிக்காவின் கிழக்கே நீண்டு கிடக்கும் அப்பலாச்சியன் மலைத்தொடர் ட்ரவுட் ஓடைகளுக்குப் பேர்போனது. டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் மட்டும் சுமார் 2,900 மைல் நீளத்துக்கு ஓடைகள் உண்டு. பல ஓடைகளை நாலு எட்டில் கடந்துவிடலாம். தண்ணீர் சில்லென்றும் கண்ணாடி போலத் தெளிவாகவும் இருக்கும். இருகரையிலும் மரக்கிளைகள் தாழ்ந்து வந்து தலையைத் தட்டும். இந்தத் தண்ணீரில் மூன்று வகை ட்ரவுட் வாழ்கின்றன. புரூக் ட்ரவுட் அந்த மண்ணுக்கே உரியது. ரெயின்போ அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்தும், பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவை. மேல் ஓடைகளில் கிடைக்கும் மீன் பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பூங்கா விதிப்படி ட்ரவுட் 7 அங்குலமாவது இருந்தால்தான் எடுத்துப்போகலாம், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் கூடாது.

இங்கே ஸ்பின்னிங் ராடோடு (ரீல் பூட்டிய தூண்டில் கோலோடு) போகிறவர் வீசும் லூரின், அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரையின், எடை எவ்வளவு தெரியுமா? மெப்ஸ் கம்பெனியின் அக்லியா ஸ்பின்னரில் (தகடு சுழலும் லூர்) 0 எண் 2.5 கிராம், 00 எண் 1.5 கிராம். கொஞ்சம் பெரிய குட்டையில் 1 எண் போடலாம், அது மூன்றரை கிராமை ஒட்டி வரும். மூன்று சென்டிமீட்டர் ரப்பாலா மீன்பொம்மை 2 கிராம். இவ்வளவு இலகுவானதைத் தடித்த தூண்டில் நரம்பில் கட்டி வீசினால் அது காலடியிலேயே விழும். அதனால் 4 பவுண்டு நரம்பு போட்டாக வேண்டும். அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.20 மில்லிமீட்டர். சுமார் 1.8 கிலோ இழுவையில் அறுந்துவிடும். முடிச்சு போட்ட இடத்தில் அந்த வலுவும் குறையும், பாறையில் ஒரு தடவை உரசினால் இன்னும் குறையும்.

அல்ட்ராலைட், அதாவது மிக இலகுவான, ரீல் பற்றிய எல்லாக் கேள்வியும் இந்த 0.20 மில்லிமீட்டரில் இருந்துதான் கிளம்புகிறது. இந்த நரம்பை அறுக்காமல், முறுக்காமல், தடையில்லாமல் வெளியே விட்டு உள்ளே இழுக்கிற ரீல் நல்ல ரீல். 30, 40 டாலரிலேயே அப்படிப்பட்ட ரீல் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் விவரங்களை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

டப்பாவில் முதலில் கண்ணில் படுவது ட்ராக் எண். “அதிகபட்ச ட்ராக் 3 கிலோ”, “4 கிலோ” என்று போட்டிருப்பார்கள். மீன் இழுக்கும்போது நரம்பு அறாமல் இருக்க, ஒரு குறிப்பிட்ட இழுவைக்கு மேல் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளி) தானாகச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுக்கிற ஏற்பாடுதான் ட்ராக். ஸ்பூலுக்குள் உலோக வட்டுகளும், அவற்றுக்கு நடுவே ஃபெல்ட் அல்லது கார்பன் வாஷர்களும் அடுக்கியிருக்கும். மேலே உள்ள குமிழைத் திருகினால் அவை நெருங்கி உராய்வு கூடும். வழக்கமாக நரம்பின் வலுவில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் ட்ராக்கை வைப்பார்கள். 4 பவுண்டு நரம்புக்கு அது 450 முதல் 600 கிராம் வரை வரும். 3 கிலோ ட்ராக் இருக்கிற ரீலில் குமிழைக் கடைசி வரை திருகினால் ட்ராக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே நரம்பு போய்விடும். ஆக, அந்த எண் ட்ரவுட்காரருக்கு எந்த வகையிலும் உதவாது.

கவனிக்க வேண்டியது வேறு. ஸ்பூல் அசையத் தொடங்கும் அந்த முதல் கணம் எப்படி இருக்கிறது? நின்றுகொண்டிருக்கும் பொருளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்கிற பொருளை நகர்த்திக்கொண்டே இருக்கத் தேவைப்படும் விசையைவிட அதிகம். நெடுநாள் பூட்டிக் கிடந்த மரக்கதவு முதலில் அசையாமல் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சட்டென்று திறந்துகொள்வதுபோல, மோசமான ட்ராக்கும் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகுதான் வழுக்கும். நீங்கள் 500 கிராமுக்கு ட்ராக்கை வைத்திருப்பீர்கள். ஸ்பூல் சுழல்கிறபோது அது 500 கிராமாகத்தான் இருக்கும். ஆனால் சுழலத் தொடங்க 1 கிலோவுக்கு மேல் கேட்டால், மீன் பாறைக்கடியில் பாய்கிற அந்த நொடியில் முடிச்சு அறுந்திருக்கும். கால் கிலோ ட்ரவுட் தன் எடையால் 1.8 கிலோ நரம்பை அறுக்கவே முடியாது. அறுப்பது அதன் குலுக்கலும் ட்ராக்கின் தயக்கமும் சேர்ந்துதான்.

கார்பன் வாஷர் இருந்தால்தான் நல்ல ரீல் என்று ஒரு பேச்சு உண்டு. கடலில் பெரிய மீன் நூறு மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது வாஷர் சூடாகும், அங்கே கார்பனின் அருமை தெரியும். சாண் நீள ட்ரவுட் எந்த வாஷரையும் சூடாக்கப் போவதில்லை. எண்ணெய் ஊறிய ஃபெல்ட் வாஷர் குறைந்த இழுவையில் மிக மெதுவாக, தயக்கமில்லாமல் நழுவும். விலை குறைந்த ரீல்களில் பெரும்பாலும் ஃபெல்ட்தான் இருக்கிறது, இந்த வேலைக்கு அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். இன்னொன்று: குமிழை ஒவ்வொரு சொடுக்காகத் திருப்பும்போது இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். ஒரு சொடுக்கில் தளர்வு, அடுத்த சொடுக்கில் இறுக்கம் என்றால் அதை வைத்து 500 கிராமை எட்டிப் பிடிப்பது பெரும்பாடு.

டப்பாவின் அடுத்த எண் பேரிங். “13+1” என்றெல்லாம் பெயர் தெரியாத கம்பெனி ரீல்களில் பார்க்கலாம். மட்டமான 13 பேரிங்கைவிட ஒழுங்காகச் செய்த மூன்று பேரிங் மேல். முக்கிய சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, அதோடு பல் கோக்கும் சின்னச் சக்கரமான பினியனைத் தாங்க ஒன்று, அவ்வளவு இருந்தால் ரீல் நன்றாகச் சுற்றும். கைப்பிடிக் குமிழில் பேரிங் வைத்தால் எண் கூடுமே தவிர மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ஒரே ஓர் இடத்தில் பேரிங் இருந்தால் நான் கூடுதலாக ஐந்து டாலர் கொடுப்பேன். அது நரம்பு வளைந்து திரும்பும் சின்ன உருளை. அதைப் புரிந்துகொள்ள ஸ்பின்னிங் ரீல் எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நெசவாலைகளின் ஊர். அந்த ஊர் ஆலை முதலாளி ஆல்ஃபிரட் ஹோல்டன் இலிங்வொர்த் 1905இல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை வழக்கத்தில் இருந்த ரீல்களில் நரம்பை வீசும்போது ஸ்பூலும் சேர்ந்து சுழன்றாக வேண்டும். இலகுவான லூரால் ஸ்பூலைச் சுழற்ற முடியாது. ஆலையில் நூல் கண்டை அசையாமல் நிறுத்தி, அதன் நுனி வழியாக நூலை உருவுவார்கள். அதையே இலிங்வொர்த் தூண்டிலுக்குக் கொண்டுவந்தார். ஸ்பூல் நிற்கும், நரம்பு அதன் உதட்டைத் தாண்டி உருவிக்கொண்டு போகும். ஒரு கிராம், இரண்டு கிராம் லூரையும் வீச முடிகிறது என்றால் அதற்கு இந்த ஏற்பாடே காரணம். 1938இல் டூபான்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நைலான் நரம்பும் இந்த ரீலும் கைகோத்தன. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், கடிகார உதிரிபாகங்கள் செய்யும் குளூஸ் ஊரில் தயாரான மிட்செல் ரீல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதன் சின்ன உருவமான மிட்செல் 308, ஸ்வீடன் நாட்டு ஆபு கம்பெனியின் கார்டினல் 3 இரண்டும் இன்றைய அல்ட்ராலைட் ரீல்களுக்கு மூத்தவை. கார்டினலை ஜப்பானிய மலையோடைத் தூண்டில்காரர்கள் இன்னும் கொண்டாடுகிறார்கள். அவர்களுக்காகவே அதை மறுபடி தயாரித்து விற்றிருக்கிறார்கள். பேரிங் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இன்றைய 30 டாலர் ரீல் அதைத் தோற்கடித்துவிடும்.

ஸ்பூல் நிற்பதில் ஒரு சிக்கலும் உண்டு. நரம்பைச் சுற்றுவது ரோட்டர்தான், அது ஸ்பூலைச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் நரம்பில் ஒரு முறுக்கு ஏறும். வீசும்போது அது உதட்டின் வழியே உருவிப்போகையில் அந்த முறுக்கு கழன்றுவிடும், கணக்கு நேராகிவிடும். ஆனால் மீன் இழுத்து ட்ராக் நழுவிக்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5:1 ரீலில் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் ஐந்து முறை சுற்றும், அதனால் ஐந்து முறுக்கு. பத்துச் சுற்றுக்கு ஐம்பது. அடுத்த வீச்சில் நரம்பு கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொண்டு வெளியே வரும். “மட்டமான ரீல்” என்று பலர் திட்டுவது இதை வைத்துத்தான். ரீலின் மேல் தப்பில்லை. ட்ராக் சத்தம் கேட்டால் கை நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

லூராலும் முறுக்கு ஏறும். மெப்ஸ், பாந்தர் மார்ட்டின் மாதிரியான ஸ்பின்னர்களில் தகடு சுழல வேண்டும், உடல் சுழலக் கூடாது. ஆனால் வேகமான தண்ணீரில் சில சமயம் மொத்தமும் சுழலும். இங்கேதான் நான் சொன்ன உருளை முக்கியமாகிறது. அது நரம்போடு சேர்ந்து உருண்டால் முறுக்கு அதிகம் சேராமல் நரம்பு ஓடிவிடும். உருளாமல் நின்றால் நரம்பு அதன் மேல் உரசிக்கொண்டே வரும், முறுக்கு ஓர் இடத்தில் குவியும், கூடவே நரம்பும் தேயும். தடித்த நரம்பின் இழுவைக்கு எந்த உருளையும் உருண்டுவிடும். 4 பவுண்டு நரம்பில் இரண்டு கிராம் லூர் வரும்போது இழுவையே கிடையாது. அதனால்தான் அங்கே பேரிங் வேண்டும், இல்லாவிட்டால் குறைந்தபட்சம் வழவழப்பான புஷ்ஷாவது வேண்டும். லூருக்கு ஓர் அடி மேலே சின்னஞ்சிறிய சுவிவல் (சுழலும் இணைப்பு) ஒன்றைக் கட்டிவிடுவதும் நல்லது.

அடுத்தது அளவு. 500, 1000, 2000, 2500 என்று போட்டிருக்கும் எண்கள் எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டவை அல்ல, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷிமானோவில் C2000 என்றால் 1000 அளவு உடலில் 2000 அளவு ஸ்பூல். டைவா 2018இல் எல்டி வரிசையைக் கொண்டுவந்தபோது எண்களையே மாற்றிவிட்டது. அதன் புது 2500 ஏறத்தாழ பழைய 2000 உடலின் அளவு. அதனால் எண்ணைப் பார்க்காமல் எடையையும் ஸ்பூல் அளவையும் பார்த்து ஒப்பிடுங்கள்.

மீன் சின்னது, ஓடை சின்னது, அதனால் ரீலும் ஆகச் சின்னதாக இருக்கட்டும் என்று 500 அளவுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பூல் சிறுத்தால் மூன்று தொல்லை. நைலான் நரம்பு சுற்றிக் கிடந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். சின்ன ஸ்பூலில் கிடந்த நரம்பு சுருள் சுருளாக வெளியே வந்து ராடின் வளையங்களில் மோதும், தூரம் குறையும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு உள்ளே வரும் நரம்பின் நீளமும் குறையும். மூன்றாவது ட்ராக்கைப் பொறுத்தது. ட்ராக் ஒரு சுழற்சித் தடை. நரம்பு வெளியே போகப் போக ஸ்பூலின் மேல் மிச்சமிருக்கும் நரம்புச் சுற்றின் விட்டம் சுருங்கும், அதே தடையை வெல்ல நரம்பில் அதிக இழுவை தேவைப்படும். விட்டம் பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். சின்ன ஸ்பூலில் இந்தச் சுருக்கம் சீக்கிரம் வரும். 1000 அளவு அல்லது ஆழமில்லாத 2000 அளவு, இதற்குக் கீழே போகாதீர்கள் என்பேன். பனிக்கட்டியில் துளை போட்டு நேராகக் கீழே விட்டுப் பிடிக்கிறவர்களுக்கு வீச்சே இல்லை, 500 அவர்களுக்குச் சரி.

ஆழமில்லாத ஸ்பூல் என்று சொன்னேனே, அதை ஷிமானோவும் டைவாவும் எண்ணுக்குப் பின்னால் S எழுத்து போட்டுக் குறிக்கும். விலை குறைந்த ரீல்களில் பெரும்பாலும் ஆழமான ஸ்பூல்தான் வரும். ஓடையில் நம் வீச்சு பத்துப் பதினைந்து மீட்டர். 100 கெஜம் நரம்பைச் சுற்றி முடித்த பிறகும் ஸ்பூல் பாதி காலியாக இருந்தால் நரம்பு ஆழத்திலிருந்து ஏறி உதட்டில் உரசிக்கொண்டு வரும், வீச்சு போய்விடும். முதலில் பழைய தடித்த நரம்பைக் கொஞ்சம் சுற்றி, அதோடு புது நரம்பை முடிந்து, உதட்டுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். செலவே இல்லாமல் இரண்டு மூன்று மீட்டர் தூரம் கூடும். அதற்கு மேலும் நிரப்பினால் நரம்பு கொத்தாகக் கொட்டிவிடும்.

எடையைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. விலை குறைந்த 1000 அளவு ரீல்கள் பொதுவாக 200 கிராமை ஒட்டி இருக்கும். 200 டாலருக்கு மேல் விற்கும் ஷிமானோ வான்ஃபோர்டு 1000 சுமார் 150 கிராம். அந்த ஐம்பது கிராமுக்காக ஐந்து மடங்கு பணம் கொடுக்கலாமா? ஐந்தடி ராடில், நாள் முழுக்க வீசினால், வித்தியாசம் கையில் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஆறரை, ஏழு அடி ராடில் மிக இலகுவான ரீலைப் பூட்டினால் நுனி தாழ்ந்து மணிக்கட்டை இழுக்கும். அங்கே 200 கிராம் ரீல்தான் சமநிலை தரும். ரீலை ராடில் பூட்டி, நரம்பும் சுற்றி, பிடிக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கிப் பாருங்கள். எடை எண்ணைவிட இந்தச் சோதனை அதிகம் சொல்லும்.

பல் விகிதத்தில்தான் ஓடைக்காரரும் ஏரிக்காரரும் பிரிகிறார்கள். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் பின்னாலிருந்து, அதாவது கீழிருந்து மேல்நோக்கி நடந்து, ஓட்டத்துக்கு எதிராக வீசுவதுதான் ஓடையில் புத்திசாலித்தனம். அப்போது லூர் உங்களை நோக்கித் தண்ணீரோடு சேர்ந்து வரும். 1000 அளவு ரீலில் 5:1 விகிதம் என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 65 சென்டிமீட்டர் அளவில் நரம்பு உள்ளே வரும். நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வருகிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் லூர் 15 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஸ்பின்னரின் தகடு அந்த வேகத்தில் சுழலாது, லூர் கல்லிடுக்கில் போய்ச் சிக்கும். கையை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும், அல்லது 6:1ஐ ஒட்டிய விகிதம் வேண்டும். ஜப்பானிய மலையோடைக்காரர்கள் வேக விகித ரீல்களையே தேடி வாங்குவதற்கு இதுதான் காரணம். அதே ஜப்பானில், காசு கட்டிப் பிடிக்கும் குளங்களில் ஒரு கிராம் ஸ்பூனை மெல்ல மெல்ல இழுக்கிறவர்கள் குறைந்த விகிதம் வைத்திருப்பார்கள். முதல் ரீல் வாங்குகிறவருக்கு 5:1, 5.2:1 போதும், கை பழகிக்கொள்ளும். ஓட்டம் பலமான ஓடைகளுக்கே போகிறவர் என்றால், அதிக விகிதமும் கொஞ்சம் பெரிய ஸ்பூலும் உள்ள 2000 அளவைப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? விலைகள் கடைக்குக் கடை மாறும், தள்ளுபடிக் காலத்தில் இன்னும் இறங்கும். தோராயமாகச் சொல்கிறேன். 30 முதல் 40 டாலருக்குள் ஷிமானோ சியன்னா. பேரிங் குறைவு, பார்வைக்கு எளிமை, ஆனால் இந்த விலையில் ட்ராக்கும் சுற்றும் நம்பிக்கையானவை. டைவாவின் ரெவ்ரோஸ், தைவானைச் சேர்ந்த ஒகுமாவின் செய்மர் இரண்டும் விலையில் அதற்குச் சற்று மேலே. 60, 70 டாலருக்குப் ஃபிளூகர் பிரசிடென்ட், ஷிமானோ செடோனா. அமெரிக்க ட்ரவுட்காரர்களிடம் பிரசிடென்ட்டுக்குப் பல வருடமாக நல்ல பெயர். அதன் சுற்று இந்த விலைக்கு மீறிய மென்மை. செடோனாவில் பல்சக்கரம் குளிர்நிலையில் அழுத்தி உருவாக்கிய அலுமினியம், அதாவது ஷிமானோ ஹகானே என்று பெயரிட்டு விற்கும் வகை. வார்ப்புத் துத்தநாகச் சக்கரத்தைவிட அது அதிக நாள் தேயாமல் இருக்கும். 100 டாலரை ஒட்டி ஷிமானோ நாஸ்கி, இதில் தண்ணீர் எளிதில் புகாத காப்பும் சேர்கிறது.

என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒரு பருவம், ஏப்ரலில் நாலைந்து வார இறுதி மட்டும் போகிறவருக்கு சியன்னாவே போதும். பென்சில்வேனியாவில் ஏப்ரல் முதல் சனிக்கிழமை ட்ரவுட் பருவம் திறக்கும்போது, மாநில மீன்வளத் துறை வளர்த்து விட்ட மீன்களுக்காக ஓடையோரம் திரளும் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் இப்படிப்பட்ட ரீல்தான் இருக்கும். வருடம் முழுக்க ஓடை ஏறுகிறவர் 60 டாலர் வரிசைக்குப் போகலாம். சக்கரம் தேயும் காலம்தான் அங்கே உண்மையான வித்தியாசம். 70 டாலரைத் தாண்டிக் கொடுக்கும் ஒவ்வொரு டாலருக்கும் கிடைப்பது கைக்கு ஓர் இன்பம். ட்ரவுட்டுக்கு அது தெரியாது. பெயர் தெரியாத கம்பெனிகளின் 15 டாலர் ரீலையும் தவிர்த்துவிடுங்கள். அங்கே சேமிக்கும் பணம் முதல் நல்ல மீனிலேயே போய்விடும்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் நல்லது, ஒரே மாடலில் இரண்டு ரீல்கூட ஒன்றுபோல் இருக்காது. ட்ராக் குமிழை ஏறத்தாழ முழுக்கத் தளர்த்தி, ஸ்பூலை விரல்நுனியால் மெல்லத் தள்ளிச் சுழற்றுங்கள். விட்டு விட்டு நகர்ந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கைப்பிடியை வேகமாகச் சுற்றிக் காட்டி மகிழ்விப்பது எந்த ரீலுக்கும் சுலபம், அதனால் மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பல்சக்கரத்தின் நெருடல் அப்போதுதான் விரலுக்குத் தெரியும். நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றவைக்கும் வளைந்த பெய்ல் கம்பியைக் கையால் மூடித் திறந்து, தளர்வாக ஆடுகிறதா, முழுக்க மூடுகிறதா என்று கவனியுங்கள். உருளையை நகத்தால் உருட்டிப் பாருங்கள். ஸ்பூலின் அடிவிளிம்புக்கும் ரோட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பார்த்துவிடுங்கள், அது அகலமாக இருந்தால் மெல்லிய நரம்பு உள்ளே நழுவித் தண்டில் சுற்றிக்கொள்ளும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரவுட் குளிர்நீர் மீன், நல்ல பிடி பெரும்பாலும் குளிர் நாளில்தான். விலை குறைந்த சில ரீல்களுக்குள் கம்பெனியிலேயே கெட்டிக் கிரீஸை அள்ளிப் பூசி அனுப்புகிறார்கள். கடையின் கதகதப்பில் வழுக்கிக்கொண்டு சுற்றிய ரீல், உறைநிலையை ஒட்டிய காலையில் கனத்துவிடும். இன்னும் மோசம், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி உருளைக் கிளட்சுக்குள் கிரீஸ் புகுந்தால் குளிரில் அது பிடிக்காமல் நழுவும். மீனைக் கொக்கியில் குத்த இழுக்கும்போது கைப்பிடி பின்னால் ஓடிவிடும். அந்தக் கிளட்சைச் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். புது ரீலைப் பழுது என்று திருப்பி அனுப்பும் முன் இதைப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பக்கமும் ட்ரவுட் உண்டு என்பது பலருக்குத் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீன் வளர்ப்பு வல்லுநர் எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியால் நீலகிரியில் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்தது. மூணாறு மலைகளிலும் இலங்கையின் நுவரெலியா பக்கத்து ஓடைகளிலும் அவை விடப்பட்டன. ஆனால் இந்த இடங்கள் பெரும்பாலும் காப்புக்காடு அல்லது தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை, மீன்வளத் துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. இந்தியாவில் ஸ்பின்னிங் ராடோடு ட்ரவுட் தேடுகிற தமிழர் பெரும்பாலும் போய்ச் சேருவது இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குத்தான். அங்கே தண்ணீரின் வேகமும் அகலமும் அப்பலாச்சியன் ஓடையைவிடப் பல மடங்கு. லூரும் ஐந்து கிராமுக்கு மேலே போகும். அதற்கு 1000 அளவு போதாது, 2000 அல்லது 2500 அளவும் 6 பவுண்டு நரம்பும் கொண்டுபோங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி முடிய அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. இறக்குமதி வரி சேர்வதால் அமெரிக்காவில் 35 டாலருக்குக் கிடைப்பது இந்தியாவில் அந்த விலைக்குக் கிடைக்காது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீலில் மிச்சம் பிடித்த பணத்தைப் போட நல்ல இடங்கள் உண்டு. ஸ்மோக்கி பூங்காவில் ஒற்றை முள் செயற்கை லூருக்கு மட்டுமே அனுமதி. கடையில் வாங்கும் மெப்ஸ் பெரும்பாலும் மூன்று முள் கொக்கியோடு வரும், அதைக் கழற்றி ஒற்றை முள் மாட்ட வேண்டும். மீனைத் திரும்ப விடுவதற்கும் ஒற்றை முள்தான் நல்லது. இரண்டாவது, நல்ல நரம்பு. மலிவான நரம்பு சீக்கிரம் சுருண்டு, எந்த ரீலையும் மட்டமானதாகக் காட்டிவிடும். பின்னல் நரம்பு மெலிந்தது, தூரம் போகும், ஆனால் சின்ன ரீலில் இழுவையில்லாமல் சுற்றினால் காற்றில் தளர்ந்து முடிச்சு விழும். பழகும்வரை 4 பவுண்டு நைலானே போதும்.

பராமரிப்பும் அதிகமில்லை. வீட்டுக்கு வந்ததும் ட்ராக் குமிழைத் தளர்த்திவிடுங்கள், அழுத்தத்திலேயே கிடந்தால் ஃபெல்ட் நசுங்கி அந்த முதல் கணத் தயக்கம் வந்துவிடும். உருளைக்கும் கைப்பிடித் தண்டுக்கும் மாதம் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஃபெல்ட் வாஷர் காய்ந்திருந்தால் அதற்கு ட்ராக் கிரீஸோ எண்ணெயோ கொஞ்சம் தடவுங்கள். பருவம் தொடங்கும் முன் பழைய நரம்பின் மேல் 30 மீட்டரை வெட்டிவிட்டுப் புது நரம்பை முடிந்து சுற்றுங்கள். வெட்டிய நரம்பை ஓடைக்கரையில் போடாதீர்கள், பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பல படகுத்துறைகளிலும் தூண்டில் கடைகளிலும் அதற்கென்றே மறுசுழற்சிக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதில் போட்டுவிடலாம்.